புதுப்பிப்பு: நிண்டெண்டோ 64-இல் படம் வந்துவிட்டது

போன வாரம் என் பழைய வீடியோ கேம் கருவியான நிண்டெண்டோ 64 பற்றி "பவர் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது" என்று எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தப்பு என்னுடையதுதான். மேல்மூடிக்குள் இருக்கும் நினைவகச் செருகியைத் துடைக்கக் கழற்றியவன் திரும்பப் போடவில்லை. அந்த இடம் காலியாக இருந்தால் இது இயங்கவே இயங்காது.

சரி, நான்கு நாள் ஆடியதில் என் கருத்தும் கொஞ்சம் மாறியிருக்கிறது. படம் மங்கல் என்று அன்று கேபிளைத் திட்டினேன். கேபிள் பாவம். டெக்ஸ்சருக்கான, அதாவது ஆட்டத்தில் பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களுக்கான, தற்காலிக நினைவகம் வெறும் 4 கிலோபைட். சின்னஞ்சிறு படத்தை இழுத்துப் பரப்பி, விளிம்பு தெரியாமல் குழைத்துவிடுகிறது. புல்தரை பச்சைக் களிம்பு பூசினாற்போல் இருப்பது அதனால்தான். ஆட்டம் அடங்கிய செருகுபெட்டியான கேட்ரிட்ஜிலும் அதிகபட்சம் 64 மெகாபைட். அதே காலத்துக் குறுந்தகட்டில் 650. ஆனால் ஏற்றும் நேரம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை, செருகினால் ஆட்டம். 1996-லேயே நாலு கட்டுப்பாட்டுக் கருவிக்கு இடம் வைத்தார்களே, அதற்காகவே இதை விற்க மாட்டேன்.

அப்புறம் கட்டுப்பாட்டுக் கருவியில் விரலால் சாய்க்கும் அந்த அனலாக் குச்சி. எத்தனை பேர் எத்தனை ஆண்டு சுற்றினார்களோ, பிரித்தால் அடிக்கிண்ணத்தில் மாவு மாதிரி வெள்ளைத் தூள். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசித் தேய்ந்தது. மாற்றுக் கிண்ணம் வந்ததும் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.