துடைத்து வைத்த மறுநாளே குழலில் துரு. கேப்பு வெடித்தும் மருந்து பற்றவில்லை

புதுக்குழல்:
குழல் வாய் வழியாக மருந்தும் (கருமருந்து) குண்டும் இட்டு இடிக்கும் பழைய பாணி ரைஃபிள். 0.50 அங்குலக் குழல், கேப்பு (அடிபட்டதும் வெடித்து மருந்துக்குத் தீ தரும் சின்ன மூடி) வகை, கொக்கி பிரீச் (குழலின் அடிப்பக்கம் கொக்கியால் மாட்டி நிற்கும்). உரிமம் எல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று சிக்கல்கள்.

ஒன்று: சுட்டு முடித்ததும் துப்பாக்கி எண்ணெய் நனைத்த துணியால் கறுப்பு போகும்வரை துடைக்கிறேன். மறுநாள் வெள்ளைத் துணி விட்டால் காப்பிப்பொடி நிறத்தில் வருகிறது. இரண்டு: முதல் கேப்பு வெடிக்கிறது, உள்ளே மருந்து பற்றுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது கேப்பில்தான் வெடிக்கிறது. மூன்று: குதிரை (கேப்பை அடிக்கும் சுத்தி) பாதி ஏற்றத்தில் சில நேரம் நிற்பதில்லை. சியரை, அதாவது ஏற்றிய குதிரையைப் பிடித்து நிறுத்தும் துண்டை, லேசாக அரம் போட்டுச் சரி செய்யலாமா? பிரீச் பிளக்கை (குழலின் அடியை அடைக்கும் திருகு) கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டுமா?

வரிப்பள்ளம்:
கடைசிக் கேள்விக்கு முதலில்: பிளக்கைத் தொடாதீர்கள். அது குறிப்பிட்ட இடத்தில் இறுகி நிற்கும்படி பொருத்தியது. கழற்றி மாட்டினால் அதே இடத்தில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. மரையும் பதம் கெடும். சுத்தம் செய்ய அதைக் கழற்றும் தேவையே இல்லை.

துருவுக்குக் காரணம் எண்ணெய்தான். கருமருந்து எரிந்த கசடில் பாதிக்கு மேல் பொட்டாசியம் உப்புகள். காற்றின் ஈரத்தை உறிஞ்சும், தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் போட்டுத் தேய்த்தால் கசடு தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், உப்பு அதன் அடியில் இருந்துகொண்டு இரும்பைத் தின்னும். துணி வெளுப்பாக வந்தாலும் குழல் சுத்தமில்லை. கருமருந்துக்கு மாற்றாக விற்கும் மருந்துகளில் பெர்குளோரேட் கலந்தவை இன்னும் மோசம். அவை விட்டுச் செல்வது இரும்பை இன்னும் அரிக்கும் குளோரைடு உப்பு.

செய்ய வேண்டியது: ஆப்பைத் தட்டி எடுத்துக் குழலைக் கட்டையிலிருந்து பிரியுங்கள். ஆப்பு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வருகிறது என்று குறித்து வையுங்கள். நிப்பிளை (கேப்பு மாட்டும் துளையுள்ள குமிழ்) கழற்றுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. பிரீச் பக்கத்தை வாளியில் நிறுத்தி, துணி சுற்றிய கோலை மேலும் கீழும் இழுத்தால் நிப்பிள் துளை வழியே நீர் ஏறி இறங்கும். இருபது முறை போதும். பிறகு நல்ல தண்ணீரில் அதேபோல. உலர்ந்த துணி நான்கைந்து, அதற்குப் பிறகுதான் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு.

பழையபூட்டு:
வெதுவெதுப்பு எதற்கு? கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் குழல் சூட்டிலேயே தானாகக் காய்ந்துவிடும். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வரிப்பள்ளம்:
காயும், ஆனால் காயும் அந்த அரை நிமிடத்திலேயே சூடான இரும்பில் ஆரஞ்சு நிறத்தில் துரு படரும். அதைத் துடைக்க மறுபடி வேலை. உப்பு கரைய வெதுவெதுப்பே போதும், பச்சைத் தண்ணீரே கரைக்கும். நன்றாக உலர்த்துவதுதான் முக்கியம். மறுநாள் ஒரு துணி, மூன்றாம் நாள் ஒரு துணி விட்டுப் பாருங்கள். பழுப்பு வந்தால் கசடு மீதம் இருக்கிறது, திரும்பத் தண்ணீர்தான்.

இடிகோல்:
கேப்பு வெடித்தும் மருந்து பற்றாததற்கு இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, பிரீச்சின் அடி. இந்த வகையில் குழலின் அடியில் இன்னொரு குறுகிய அறை இருக்கும். 0.50 குழலுக்கான துணி அதன் வாயிலேயே முட்டி நின்றுவிடும், உள்ளே கசடு அப்படியே கிடக்கும். 0.32 குழலுக்கான பிரஷ்ஷில் சின்னத் துணி சுற்றி அந்த அறையைத் துடையுங்கள். பிரஷ் மாட்டிக்கொண்டால் நேராக இழுக்காதீர்கள், வலஞ்சுழியாகத் திருகிக்கொண்டே இழுங்கள். இடப்பக்கம் திருகினால் கோல் மட்டும் கையோடு வரும், பிரஷ் உள்ளே இருக்கும்.

இரண்டாவது, எண்ணெய். வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் வழிந்து தீ போகும் பாதையில் தேங்கும். வாய் கீழே பார்க்கச் சாய்த்து வையுங்கள். இடிப்பதற்கு முன் உலர்ந்த துணி விட்டு, வெற்றுக் குழலில் இரண்டு கேப்பு வெடியுங்கள். இரண்டாவதை வாயை ஒரு புல்லுக்குப் பக்கத்தில் வைத்து வெடித்தால் புல் ஆட வேண்டும். ஆடாவிட்டால் பாதை அடைத்திருக்கிறது.

நிப்பிளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதிதில் துளை ஏறத்தாழ 0.7 மி.மீ. இருக்கும். 1 மி.மீ. நெருங்கிவிட்டால் வெடிக்கும்போது வாயு பின்னால் வந்து குதிரையையே தூக்கும், கேப்புச் சில்லு முகத்துக்கு வரும். மாற்றிவிடுங்கள். வாங்கும் முன் மரை அளவு பாருங்கள்: 6×0.75 மி.மீ., 6×1 மி.மீ., கால் அங்குலம் 28 மரை மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். விரலால் கடைசிவரை திருகப் போகவில்லை என்றால் அது உங்கள் அளவு இல்லை. ஸ்பானர் போட்டு முடுக்கினால் குழலின் மரை போச்சு. மரையில் சிக்காமல் இருக்க ஆன்டி-சீஸ் கிரீஸ் ஒரு பொட்டு. வெறும் நிப்பிள் மேல் குதிரையை அடித்துப் பழகவும் வேண்டாம், தலை நசுங்கும், அப்புறம் கேப்பு முழுதாக உட்காராது.

பழையபூட்டு:
சியரில் அரம் வேண்டவே வேண்டாம். அந்த முனைக்கும் டம்ளர் வெட்டுக்கும் (தண்ணீர் குடிக்கிற டம்ளர் அல்ல, குதிரையை இயக்கும் பொறியான பூட்டுக்குள் அதோடு சுழலும் துண்டு) கடினம் மேற்பரப்பில் மட்டும்தான். அரம் பட்டால் அந்தத் தோல் போய்விடும், கோணமும் மாறும். இன்று நிற்பதுபோல் தெரியும், பத்து நாளில் முழு ஏற்றத்திலிருந்தே வழுக்கும்.

முதலில் செலவில்லாத சோதனை. குழல் வெறுமை என்று உறுதிசெய்துகொண்டு, பூட்டுத் தகட்டின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அதிகமாக முடுக்கினால் தகடு மரத்துக்குள் இழுபட்டு சியர் மரத்தில் உரசும். தளர்த்தியதும் சரியாக நின்றால் பழுது பூட்டில் இல்லை. பூட்டைக் கழற்றி, உள்பக்கம் மரத்தில் பளபளப்பாகத் தேய்ந்த இடம் எது என்று பார்த்து அங்கே மட்டும் ஒரு இழை சுரண்டுங்கள்.

பூட்டைக் கையில் வைத்து ஏற்றிப் பார்க்கும்போதும் வழுக்கினால் வெட்டு தேய்ந்திருக்கிறது. துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய கட்டம் அது. அதுவரை மருந்து இடிக்க வேண்டாம். மெயின் ஸ்பிரிங்கை இடுக்கியால் பிடித்துக் கழற்றாதீர்கள், அதற்கென்று சின்ன வைஸ் உண்டு.

புதுக்குழல்:
தளர்த்தினேன், நிற்கிறது. போல்ட்டை முறுக்கித்தான் வைத்திருந்தேன். குழல் வெறுமைதான் என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது?

இடிகோல்:
கோலை அடிவரை இறக்கி, வாயின் விளிம்பில் விரலால் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து, குறித்த இடம் வாயின் விளிம்போடு ஒத்து நிற்கும்படி குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழல் வெறுமை என்றால் கேப்பு வகையில் கோலின் முனை நிப்பிளுக்குச் சற்று முன்னால் வரும். அதைவிட மூன்று, நான்கு செ.மீ. குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. வெறும் குழலுக்கான அளவைக் கோலிலேயே கீறி வைத்தால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

உள்ளே குண்டு இருந்தால் கேப்பை எடுத்துவிட்டு, நிப்பிளைக் கழற்றி, அந்தத் துளை வழியே தண்ணீர் ஊற்றி மருந்தை நனையுங்கள். பிறகு குண்டு இழுக்கும் திருகாணியைக் கோலில் மாட்டி, குண்டின் நடுவில் திருகி இழுக்கலாம். மர இடிகோலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், முனைப் பித்தளை கழன்று உள்ளே நின்றுவிடும். இழுக்கும்போது உடம்பு குழல் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது, நனைத்த பிறகும்தான்.