‘டார்க் ரெஞ்ச்’: ‘விசை’ வேண்டாம், ‘அளவு’ வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

‘போல்ட்’ எனப்படும் மரையாணிகளைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ‘டார்க் ரெஞ்ச்’ என்னும் கருவிக்குத் தமிழில் ‘முறுக்குவிசைத் திருகி’, ‘திருப்புவிசைக் குறடு’, ‘இறுக்கமானி’ என மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மோட்டார் பட்டறை நடத்தி, இக்கருவியை நாள்தோறும் கையாள்பவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன்.

குறடு கவ்விப் பிடிப்பது. மரையாணியின் தலையில் பொருந்திச் சுழற்றுவதற்குத் ‘திருகி’யே தகும். இதில் நமக்குள் பெரிய வேறுபாடு இராது.

‘விசை’தான் எனக்குத் தடையாக இருக்கிறது. கருவியில் பொறித்திருக்கும் அலகு விசைக்குரிய நியூட்டன் அன்று; விசையைப் பிடியின் நீளத்தால் பெருக்கி வரும் நியூட்டன் மீட்டர். 20 செ.மீ. பிடியின் முனையில் 50 நியூட்டன் விசை கொடுத்தால் 10 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. பிடி 40 செ.மீ. ஆனால் அதற்கு 25 நியூட்டனே போதும். விசை பாதியாகியும் ஆணி அதே அளவுக்கு இறுகுகிறது என்றால், கருவி விசையை அளக்கிறது என்று பெயரிலேயே சொல்வது பிழை. என் பட்டறையில் தொழில் பழகிய தம்பி ஒருவர், செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளில் எண்ணெய் மாற்றிய பின், அடியிலுள்ள ஆணியை நீண்ட ஸ்பேனரால் இறுக்கினார். “நான் அழுத்தவே இல்லை அண்ணே” என்றார். அது உண்மைதான், பிடியின் நீளமே அலுமினிய உறையின் மரையைப் பிய்த்துவிட்டது. மறுநாள் விடியுமுன் வேலைக்குப் போக வேண்டியவர் வண்டியில்லாமல் நின்றார்.

‘திருப்பு’ பாடநூல்களில் வழங்குவதை அறிவேன். கதவுக்கும் சக்கரத்துக்கும் அது பொருந்தும். ஆனால் ஆணியின் தலை உட்கார்ந்த பின், அது சிறிதளவே திரும்புகிறது. அதன் தண்டோ முறுக்கேறி, கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு, மீண்டும் சுருங்க முயல்வதால்தான் இரு பாகங்களையும் அழுத்திப் பிடித்து வைக்கிறது. எனவே இங்கு ‘முறுக்கு’ என்பதே சரி.

‘இறுக்கமானி’ அழகான சொல். ஆயினும் அது கருவியால் இயலாததை அதன்மேல் ஏற்றுகிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, தலைக்கடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிவிடுகிறது. உலர்ந்த மரைக்குக் குறித்த அளவை எண்ணெய் பட்ட மரையில் கொடுத்தால், உராய்வு குறைந்து ஆணி மிகையாக இழுபடும்; கருவி காட்டும் எண்ணோ மாறாது. ஆகவே அது அளப்பது முறுக்கை மட்டுமே, இறுக்கத்தை அன்று.

இவற்றால் ‘முறுக்களவுத் திருகி’ என்பதை முன்வைக்கிறேன். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ‘முறுக்களவு’ தனித்தும் நிற்கும் என்பது. “6 மி.மீ. ஆணிக்கு முறுக்களவு 10 நியூட்டன் மீட்டர்” என்று கையேட்டில் எழுதலாம், “பின்சக்கர அச்சுக்கு முறுக்களவு என்ன?” என்று பட்டறையில் கேட்கலாம். ‘முறுக்களவி’ இன்னும் சுருக்கமானதுதான். ஆனால் இக்கருவி அளப்பதோடு திருகவும் செய்கிறது. இத்திருகிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் கருவிக்கு அப்பெயரை ஒதுக்கி வைக்கலாம்.

‘போல்ட்’டுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. மரை கழன்றவன் என்று இன்றும் பேசுகிற நமக்கு ‘மரையாணி’ விளங்காமல் போகாது.

எஞ்சியிருப்பது வகைப்பெயர்கள். முள் காட்டும் வகையை ‘முள் முறுக்களவுத் திருகி’ எனலாம். குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒலித்துக் கைக்கு உணர்த்தும் வகைக்குச் ‘சொடுக்கு’ என்னும் அடை பொருந்துமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.