இந்தியா, அமெரிக்கா குடும்பச் செலவு: சாப்பாட்டுல ஏன் இவ்ளோ வித்தியாசம்?

கணக்குப்புள்ள:
நம்ம 2023-24 குடும்பச் செலவு சர்வேல நகரத்துல ஒரு ஆளுக்கு மாசம் ரூ.6,996 செலவாம், அதுல சாப்பாட்டுக்கே கிட்டத்தட்ட 40% போகுது. கிராமத்துல ரூ.4,122, அதுல 47%. அமெரிக்கால 2023 கணக்குப்படி ஒரு குடும்பத்துக்கு வருஷம் 77,280 டாலர், சாப்பாடு வெறும் 13%. அங்க சாப்பாடு அவ்ளோ சீப்பா, இல்ல நாமதான் தின்னே தீக்குறோமா?

வெண்பொங்கல்:
ரெண்டும் இல்ல ப்ரோ. 77,280ல 13%னா பத்தாயிரம் டாலர், ரூபாய்ல எட்டு லட்சம் தாண்டும், இதுவா சீப்பு? சம்பளம் பத்து மடங்கு ஏறினா வயிறு பத்து மடங்கு பெருசாகாதுல்ல, அதான் பங்கு குறையுது. ஏங்கல்னு ஒரு ஜெர்மன்காரர் 1857லயே சொல்லிட்டாரு. அப்புறம் ஒண்ணு தலைக்கு மாசக் கணக்கு, இன்னொண்ணு குடும்பத்துக்கு வருஷக் கணக்கு, பங்கை ஒப்பிடலாம், தொகைய நேரா பக்கத்துல வைக்காதீங்க.

டெக்சாஸ் தம்பி:
இங்க காசு போற இடமே வேற. வீட்டுக்கு 33%, போக்குவரத்துக்கு 17%. நான் இருக்க ஏரியால பஸ்ஸே கிடையாது, பால் வாங்கக்கூட வண்டிய எடுக்கணும், வீட்டம்மாவும் வேலைக்குப் போறதால ரெண்டு கார், ரெண்டுக்கும் லோன், இன்சூரன்ஸ், பெட்ரோல். ஊர்ல கொசுறா தர்ற கறிவேப்பிலைய இங்க பாக்கெட்ல காசு குடுத்து வாங்குறோம்தான், ஆனா பட்ஜெட்ட கடிக்கிறது அது இல்ல. சாப்பாட்டுலயே 40% கிட்ட வெளிய சாப்பிடுற செலவு.

திண்ணை:
ஒரு விஷயத்தை எல்லாரும் விட்டுட்டீங்க. நம்ம சர்வேல சொந்த வீட்டுல இருக்கவங்களுக்கு வாடகைன்னு எதையும் கணக்குல சேக்கறதில்ல, ஹவுசிங் லோன் அசலும் நுகர்வுச் செலவுல வராது. அதனால நகரத்துலயே வாடகை 7% கிட்டதான் நிக்குது, கிராமத்துல சொல்லவே வேணாம். வாடகை சின்னதா இருந்தா சாப்பாட்டுப் பங்கு தானா பெருசா தெரியும். ரேஷன்ல இலவசமா வர்ற அரிசிக்கு மதிப்பு போட்ட கணக்கு தனி, நீங்க போட்ட நம்பர்ல அது இல்ல.

கணக்குப்புள்ள:
அப்போ ரெண்டு பக்கமும் வீட்டுச் செலவ கழிச்சுட்டு பாத்தா சரியாகிடுமா சார்?

திண்ணை:
முழுசா ஆகாது. அமெரிக்கா 33%ல கரண்ட் பில், ஃபர்னிச்சர் எல்லாம் அடக்கம், அத்தனையும் தூக்கிட்டாகூட சாப்பாடு 19% தான் வருது, நம்ம நகரம் வாடகைய கழிச்சா 42%ல நிக்கும். மிச்ச இடைவெளி வருமானம்தான். 40%ன்னு மொத்தமா பாக்காம உள்ள பிரிச்சுப் பாருங்க, 1999-2000ல கிராமத்துல மொத்தச் செலவுல தானியத்துக்கு மட்டும் 22% போச்சு, இப்ப 5% பக்கம். நகரத்துல சாப்பாட்டுச் செலவுலயே பெரிய அயிட்டம் டீ, காபி, பலகாரம், பாக்கெட் தீனி, ஹோட்டல் பார்சல், எல்லாம் சேத்து மொத்தச் செலவுல 11%. அரிசிக்குப் போறதைவிட ஜாஸ்தி.