மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தன்னார்வலராக வந்து தங்கியவர்கள், தங்கவைத்தவர்கள்: உங்கள் அனுபவம்

திருச்சிக்காரன்

தங்கியது பட்டணத்துக்கு வெளியே ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி), ஓர் அக்கா வீட்டுப் பின்னறை. வந்தது சாயங்கால டியூஷனுக்கு, கணக்கும் அறிவியலும். பிள்ளைகளைப் பற்றி ஒரு குறையும் இல்லை. முதல் வாரம் போன் சார்ஜர்கூட மாட்ட முடியாமல் விழித்தேன், நம் ஊர் உருண்டைப் பின் அங்கே சொருகாது. அக்கா ஒரு பேனாவை மேல் துளையில் குத்திப் பிடித்துக்கொண்டு "இப்ப சொருகுப்பா" என்றார், வேலை செய்தது. இருட்டிலேயே பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறுவதும் கொஞ்ச நாளில் பழகிவிட்டது, ஜனவரியில் 7.15 வரை சூரியனே வராது.

பழகாதது ஒன்றுதான். பசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஈப்போ புந்தோங்கிலிருந்து கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு) வண்டி வரும். ஒரு பொட்டலம் வாங்கி 10 வெள்ளியை (ரிங்கிட்) நீட்டினால் கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அக்கா சொல்லிட்டாங்க, ஒங்ககிட்ட வாங்கக் கூடாதாம்." அடுத்த கடையிலும் அதே கதை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஆட்கள் எல்லாம் என்னைப் பார்க்கிறார்கள், நான் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பாசம்தான், தெரியும். ஆனால் தட்டு கழுவக்கூட விடமாட்டார்கள், துணி காயப்போட்டால் ஓடி வந்து பிடுங்குவார்கள். அந்த ஊரில் நான் ஒரு நாளாவது ஊர்க்காரனாக இருந்தேனா என்று இன்னும் யோசிக்கிறேன். மற்றவர்களுக்கும் இப்படியா?

பால்மரத்து மகன்

தம்பி, உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கதையும் இருக்கிறது. பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசுத் தன்னார்வ அமைப்பின் ஆட்களைச் சொல்கிறேன். 1962இல் ஆரம்பித்து 1983 வரை அமெரிக்காவிலிருந்து 4,000 பேருக்கு மேல் இந்த நாட்டுக்கு வந்தார்கள், அவர்களில் பலர் இடைநிலைப்பள்ளிகளில் வாத்தியாராக இருந்தார்கள். எங்களுக்கும் அறிவியலுக்கு ஒருவர் இருந்தார். கடைவீதி மாடியில் அறை, சைக்கிள், எந்நேரமும் வியர்வை. தீபாவளிக்கு எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) வந்து தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுவிட்டுப் போவார். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றார். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) வந்துவிட்டார், எங்கப்பா பின்னாலேயே நிரைக்குள் போனார், நானும் வாளி தூக்கிக்கொண்டு போனேன். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும், அதனால் அந்த நேரத்தில் யாரும் நின்று பேசமாட்டார்கள். அப்பா நின்றார். நெற்றி விளக்கைக் கழற்றி அவருக்குக் கட்டிவிட்டு, கத்தியையும் கொடுத்தார். தெரிந்தவர்களுக்குத் தெரியும், பட்டையில் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது, இடது மேலிருந்து வலது கீழாக ஒரே சரிவில் இழுக்க வேண்டும், அடியில் மெல்லிய பட்டை மிச்சம் இருக்க வேண்டும். இவர் பலமாக இழுத்தார். வெள்ளைக் கட்டை தெரிந்தது. பால் வெட்டுக் கோட்டிலிருந்து வெளியே வழிந்து மரத்தில் இறங்கியது. அவர் சிரித்துக்கொண்டே "ஓகே?" என்று கேட்டார். அப்பாவும் "ஓகே ஓகே" என்றார்.

கட்டை வரை வெட்டினால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், மறுபடி சீவ முடியாது. மறுநாள் கங்காணி மரத்தைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கத்தினார், கூலியில் பிடித்தார்கள். வாத்தியார் பெயரை அப்பா எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் அதே மனுஷன், ரப்பர் மரம் வெட்டிய கதையைச் சந்தோஷமாகச் சொல்கிறார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

லாசா ரோடு

திருச்சிக்காரன் தம்பிக்குக் கேட்கிறேன். அக்கா காசு வாங்க விடாததை ஒரு குறையாக எழுத எப்படி மனசு வந்தது? உங்களுக்குச் சாப்பாடு போடுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கித் தின்றால் நாலு பேர் அந்த அக்காவைத்தான் கேட்பார்கள். "வந்த பிள்ளைக்கு ஒரு வடை வாங்கித் தர வக்கில்லையா" என்பார்கள். இது உங்களுக்குப் புரியாது.

எங்கள் வீட்டில் தங்கிய பொண்ணு, ஜெர்மனிக்காரி, வேறு மாதிரி. அம்மாவிடம் கேட்காமல் ஒரு நாள் காலையில் வாசல் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். துடைப்பத்தைப் பிடித்த விதத்தைப் பார்க்க வேண்டுமே, குப்பையை எல்லாம் பக்கத்து வீட்டு வாசலுக்கே தள்ளிவிட்டாள். பக்கத்து வீட்டு அத்தை வெளியே வந்து நின்றார். அம்மா ஒன்றும் பேசாமல் போய் இன்னொரு துடைப்பத்தை எடுத்து வந்தார், அத்தையும் எடுத்து வந்தார், மூவரும் கூட்டினார்கள். அதற்கப்புறம் அவளை யாரும் தடுக்கவில்லை. கேட்டால் எப்படித் தருவார்கள்? எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அந்தத் தட்டை எடுத்துக் கழுவியிருக்க வேண்டியதுதானே.

வயர்மேன் (ஓய்வு)

மற்ற கதை எல்லாம் இருக்கட்டும். முதல் பதிவில் பேனாவைக் குத்தி பிளக் சொருகியதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லையே? முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் சொல்கிறேன். மேலே இருக்கும் துளை எர்த், அதில் நீளமான பின் போனால்தான் கீழே இரண்டு துளையின் மூடி திறக்கும், பிள்ளைகள் விரல் விடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதைப் பேனாவால் ஏமாற்றி உருண்டைப் பின்னைத் திணித்தால் பிடிப்பு இருக்காது, தளர்வாக நின்று சூடாகும். இன்னொன்று, நம் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு, இந்தியா பிளக்கில் கிடையாது. வயர் எரிய ஆரம்பித்தாலும் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும் என்று நம்ப முடியாது. அடாப்டர் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும்.

வரப்போகிறவர்களுக்கு இன்னும் சில. சுற்றிப்பார்க்கும் பாஸில் (குடிநுழைவு அனுமதி) வந்து வகுப்பெடுக்காதீர்கள், சம்பளம் வாங்கவில்லை என்று சொன்னால் குடிநுழைவு அதிகாரி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். கூப்பிடுகிறவர்களிடம் எந்தப் பாஸ் என்று வருமுன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் நமக்கு, மலேசியர்களுக்கு, 1 வெள்ளி என்று கேள்விப்பட்டு நம்பிப் போகாதீர்கள், வெளிநாட்டினருக்குக் கட்டணம் வேறு, காப்புறுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். டிங்கிக் கொசு பகலில் கடிப்பது, காலையும் பொழுது சாயும்போதும்தான் அதிகம், ராத்திரி வலை கட்டிக்கொண்டு படுத்தால் மட்டும் ஆகாது. வெள்ளத் தண்ணீரில் காலில் புண்ணோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். அவசரத்துக்கு 999.

இருட்டைப் பற்றிச் சொன்னீர்களே, அது 1982 ஜனவரி 1லிருந்து. கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள், சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். சூரியன் தள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் அனுபவமா? ஒரு ஜப்பான்காரர் வீட்டுக்கு ஃபேன் மாட்டப் போனேன். ஏணியைக் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சுகூட விடவில்லை.

ஹட்டன் பிள்ளை

நான் இப்போதுதான் வந்திருக்கிறேன், இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இங்கே தோட்டம் என்றதும் லயன் காம்பரா இருக்கும், கொழுந்துக்கூடை மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்து வந்தேன். ரப்பரெல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டது, நம் ஆட்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள், செம்பனை வெட்டுவது இந்தோனேசியா, வங்காளதேசத்துப் பையன்கள். எனக்குப் படிப்பிக்கத் தந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் தோட்டத்துக்குள் காலே வைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மண் ரோட்டில் நடந்தோம். செம்பனைக்கு அடியில் சீக்கிரமே இருட்டிவிடும். ஒரு கம்பத்து உச்சியில் மரப்பெட்டி, அதிலிருந்து வெள்ளை முகத்தோடு ஒன்று எட்டிப் பார்த்தது. சத்தமில்லாமல் எங்கள் தலைக்கு மேலே பறந்தது. எங்கள் ஊரில் ஆந்தை அலறினால் அந்த வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவார்கள், எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் கையைப் பிடித்திருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை சாவகாசமாகச் சொன்னாள், "பயப்படாதீங்க டீச்சர், அது கம்பெனி ஆந்தை. எலி புடிக்க வச்சிருக்காங்க." அவளும் தோட்டத்துக்குள் வந்ததில்லை என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அப்பா அங்கே லாரி ஓட்டுகிறாராம், பழம் வெட்டி ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டுமாம், அதனால் ராத்திரிதான் வீட்டுக்கு வருவாராம், பெற்றோர் கூட்டத்துக்கு வர மாட்டாராம். இவ்வளவு நாளும் அந்த அப்பாவைப் பற்றி வேறு மாதிரிதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

பால்மரத்து ஐயா, அந்த வாத்தியாருக்குப் பிறகாவது யாராவது சொன்னார்களா?

பால்மரத்து மகன்

இல்லம்மா. போனபிறகு இரண்டு கடிதம் போட்டார், அப்பா எங்களை வைத்துப் பதில் எழுதச் சொன்னார். எல்லாரும் சுகம், மழை அதிகம், பெரியவன் பாஸாகிவிட்டான். இந்த லாரிக்காரர் விஷயத்தை நீ பள்ளியில் சொல்லு, விடாதே. சனிக்கிழமை மத்தியானம் சிலர் வீட்டில் இருப்பார்கள், போய்ப் பார்.

திருச்சிக்காரன்

லாசா ரோடு அக்கா, குறை சொல்லவில்லை. தட்டை எடுத்தேன், பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொல்கிறேன், நீங்கள் படிக்கவே இல்லை.