பப்பாசிக்குள் வைரஸ் இருக்கிறதா, இல்லையா?

கொட்டாஞ்சேனைக்காரன்: ஹவாயில் பப்பாசிக்குள் வைரசை வைத்து விற்கிறார்களாம், தின்றால் நமக்கும் வருமாம். நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போனார், படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. வைத்தது வைரஸ் இல்லை, பப்பாசிக்கு நோய் தரும் வளையப்புள்ளி வைரசின் மேலுறைப் புரதத்துக்கான ஒரே ஒரு ஜீன். அது உள்ளே இருப்பதால், அதே வைரஸ் வந்ததும் செடி அதன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.யை இனங்கண்டு வெட்டிப்போடுகிறது.

வெள்ளவத்தை வாசி: எழுதியது நான்தான். ஒரே ஒரு ஜீன், சரி. யாருடைய ஜீன்? வைரசினுடையது. அப்புறம் என்ன?

கொட்டாஞ்சேனைக்காரன்: சைக்கிள் மணியைக் கழற்றி மேசையில் வைத்தால் மேசை சைக்கிள் ஆகிவிடுமா? நோய் பிடித்த சாதாரணப் பப்பாசியில் முழு வைரசே இருக்கிறது ஐயா. வட்டம் வட்டமாகப் புள்ளி விழுந்த பழத்தைப் புறக்கோட்டையில் வாங்கித் தின்றுதானே வளர்ந்தோம். இது செடி வைரஸ், மனிதருக்குத் தொற்றாது.

வெள்ளவத்தை வாசி: மணிக் கதை வேண்டாம். வைரஸ் ஜீன் இருக்கிறதா, இல்லையா?

தெஹிவளை அக்கா: என் வீட்டுப் பின்பக்கம் மூன்று ரெட் லேடிப் பப்பாசி நட்டேன். இலை சுருங்கி மஞ்சளாகிப் போச்சு. அழுக்கணவன் பூச்சிக்கு மருந்தடித்தும் பயனில்லை. அந்த ஹவாய் விதை இங்கே கிடைக்குமா தம்பி?

சென்னையிலிருந்து வந்தவன்: முதலில் பப்பாளி என்று எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்: இங்கே அது பப்பாசிதான், உங்கள் ஊரில் உங்கள் விருப்பம். அக்கா, அழுக்கணவன் இலையில் உட்கார்ந்து ஒருமுறை குத்தினாலே வைரஸ் ஏறிவிடும், மருந்து வேலை செய்யுமுன் காரியம் முடிந்துவிடும். ஹவாயிலும் இதே கதைதான். 1992இல் பூனா பகுதிக்குள் வைரஸ் நுழைந்தது, 1998க்குள் அந்தப் பகுதியின் விளைச்சல் ஏறக்குறையப் பாதியானது. ஹவாயிலேயே பிறந்த விஞ்ஞானி டெனிஸ் கொன்சால்வெஸ் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு முன்கூட்டியே இதில் இறங்கியிருந்ததால்தான் 1998இல் ரெயின்போ என்ற இந்த ஜீன் வைத்த பப்பாசி வந்தது. விதையைத் தோட்டக்காரருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2011இல் ஜப்பானே அனுமதித்தது. ஆனால் அந்த விதை உங்களுக்கு உதவாமல் போகலாம். அது ஹவாய் வைரசின் ஜீனை வைத்துச் செய்தது, தைவான் வைரசுக்கு முன்னால் நிற்கவில்லை. இங்கே பரவும் வைரசிலிருந்து ஜீன் எடுத்துச் செய்ய வேண்டும்.

வெள்ளவத்தை வாசி: பாருங்கள், இப்போது ஊருக்கு ஒரு வைரஸ் வேண்டுமாம்! 2004இல் தாய்லாந்தில் கொன் கேன் ஆய்வு நிலையத்திலிருந்து இதே மாதிரி ஜீன் வைத்த பப்பாசி விதை வெளியே கசிந்ததே, அதை ஏன் சொல்லவில்லை?

கொட்டாஞ்சேனைக்காரன்: கசிந்தது விதை, காவல் காத்தவர்களின் கவனக்குறைவு. அதைத் தின்று யாருக்கு வைரஸ் வந்தது? ஒருவரைக் காட்டுங்கள்.

வெள்ளவத்தை வாசி: 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தைத் தடை செய்தபோதும் இப்படித்தான் "எல்லாம் சரியாகும்" என்று இங்கே பாடம் எடுத்தீர்கள். நவம்பரில் தடையைத் தூக்கினார்கள், நீங்கள் வாயே திறக்கவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்: பொய். முதல் வாரமே எதிர்த்து எழுதினேன், தேடிப் பாருங்கள். விஞ்ஞானிகளைக் கேட்காமல் செய்ததால் வந்த வினை அது, இங்கேயும் நீங்கள் அதைத்தான் செய்யச் சொல்கிறீர்கள். ஹவாயில் தோட்டத்தை இழந்தவன் முகத்தைப் பார்த்து இந்த வைரஸ் கதையைச் சொல்வீர்களா?

சென்னையிலிருந்து வந்தவன்: பப்பாசி எந்த அகராதியில் இருக்கிறது?

தெஹிவளை அக்கா: நான் கேட்டது என் மரத்தைப் பற்றி.

கொட்டாஞ்சேனைக்காரன்: மன்னியுங்கள் அக்கா. மூன்றையும் வேரோடு பிடுங்கி அழியுங்கள், நின்றால் அடுத்த வீட்டு மரத்துக்கும் போகும். பக்கத்தில் பூசணி, வத்தகை வைக்காதீர்கள், அவற்றிலும் இந்த வைரசின் வகை ஏறும். பிறகு புதுக் கன்று வையுங்கள்.

வெள்ளவத்தை வாசி: அக்காவுக்குப் பதில் வந்துவிட்டது. எனக்கு? இருக்கிறதா, இல்லையா?