மீன் தொட்டிக்குப் பின்னால் ஒட்டிய படம் திட்டுத் திட்டாக வெள்ளி மாதிரி தெரிகிறது, என்ன செய்யலாம்?

கோவை கப்பி:
வீட்டில் இரண்டடித் தொட்டி. பின்னால் ஒட்ட மீன் கடையில் அடிக்கணக்கில் வெட்டித் தரும் படம் வாங்கினேன், ஒரு பக்கம் பவளப்பாறை, மறுபக்கம் செடிகள். நாலு மூலையிலும் செல்லோ டேப் போட்டு ஒட்டியாயிற்று. முன்னால் இருந்து பார்த்தால் நடுவில் பாதரசம் பூசியது போல் மினுங்குகிறது, படமே தெரியவில்லை. தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் பின்பக்கம் வழிந்தது, அந்த நனைந்த இடத்தில் மட்டும் படம் பளிச்சென்று தெரிகிறது! கடைக்காரரைக் கேட்டால் "அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார். நண்பர் ஒருவர் படத்தை உள்ளேயே ஒட்டச் சொல்கிறார். செய்யலாமா?

பழைய தொட்டி:
உள்ளே வேண்டவே வேண்டாம். சாயம் விடும், பாசி படியும், இடுக்கில் மீன் புகுந்து மாட்டிக்கொள்ளும். உங்கள் கேள்விக்கு விடை அந்த நனைந்த இடத்திலேயே இருக்கிறது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்று இருந்தால் வெளிச்சம் கண்ணாடியிலேயே திரும்பிவிடும், அதுதான் அந்த மினுக்கம். காற்றை வெளியேற்றி ஏதாவது ஒரு திரவத்தை நிரப்பினால் சரியாகிவிடும். தண்ணீர் காய்ந்துவிடும், அதனால் மருந்துக்கடையில் கிளிசரின் வாங்குங்கள், சின்ன பாட்டில் போதும்.

முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் உப்புக்கறையை வினிகர் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள் (போர் தண்ணீர் என்றால் இதற்கே அரை மணி நேரம் ஆகும்). அப்புறம் கிளிசரினை மெல்லிசாகத் தடவி, படத்தை மேலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். வழிவதைத் துடைத்துவிட்டு நாலு ஓரமும் முழுநீளத்துக்கு டேப். மேல் ஓரத்தில் இடைவெளி விட்டால் அடுத்த முறை தண்ணீர் இறங்கி கிளிசரினைக் கரைத்துவிடும்.

கோவை கப்பி:
நன்றி அண்ணா. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல்தான் இடம். அப்படியே கொஞ்சம் முன்னால் இழுக்கலாமா?

பழைய தொட்டி:
தண்ணீரோடு இழுக்காதீர்கள் தம்பி. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் விளிம்பு வரை சுமார் 56 லிட்டர், தண்ணீர் மட்டுமே 56 கிலோ. அடியில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசை விட்டுப்போனால் ஹால் முழுக்க மீன்தான். மீன்களைப் பழைய தண்ணீரோடு வாளியில் விட்டு ஏர் பம்ப் போடுங்கள், ஃபில்டர் பஞ்சையும் அதே தண்ணீரில் போட்டு வையுங்கள், குழாயில் கழுவிவிட வேண்டாம்.

மார்கழி:
நான் கிளிசரினுக்குப் பதில் வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தடவினேன். மூன்று மாதம் அருமையாக இருந்தது. டிசம்பர் குளிரில் எண்ணெய் உறைந்து பின்னால் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படர்ந்துவிட்டது, தொட்டிக்குப் பூஞ்சை வந்துவிட்டது என்று வீட்டில் ஒரே கலவரம். கோவையில் இருக்கிறீர்கள், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

கருப்பே அழகு:
என்னைக் கேட்டால் அந்தப் பவளப்பாறைப் படமே வேண்டாம். கப்பி நல்ல தண்ணீர் மீன், அதற்குப் பின்னால் கடல் எதற்கு? வெளிப்பக்கம் கருப்பு அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்துவிடுங்கள், கண்ணாடியோடு ஒட்டிவிடுவதால் காற்றுப் பிரச்சினையே இல்லை. ஃபில்டர் குழாயும் வயரும் மறைந்துவிடும், கப்பி வால் நிறம் தனியாக எடுத்துக் காட்டும். பிடிக்காவிட்டால் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம்.

கோவை கப்பி:
ஞாயிற்றுக்கிழமை கிளிசரினிலேயே முடித்துவிட்டேன். கடல் வேண்டாம் என்று சொன்னது சரிதான், திருப்பிச் செடிப் பக்கத்தை வைத்து ஒட்டினேன். மினுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இடது மூலையில் ஒரு குமிழி மட்டும் என்ன தள்ளியும் நகரவில்லை, அதற்கு முன்னால் வாலிஸ்னேரியா என்ற நீளஇலை நீர்ச்செடி ஒன்றை நட்டுவிட்டேன்.