ஈஸ்டர் எக்குக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

மின்மினி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க விஸ்காம் பசங்களுக்கு ட்வின் பீக்ஸ் தொடர் பத்தி தமிழ்ல ஒரு கையேடு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாகணும், ஒரே ஒரு சொல்லுல வண்டி நின்னு போச்சு. 1990ல ஏபிசி சேனல்ல வந்தது, டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் சேர்ந்து பண்ணது, லாரா பாமரை யாரு கொன்னாங்கன்றதுதான் கதை, இங்க பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. எனக்கு கொலையாளிய விட அதுல வர்ற பேருங்க மேலதான் பைத்தியம். லாராவுக்குத் தெரிஞ்ச ஒரு மைனா இருக்கும், பேரு வால்டோ. அந்த மைனாவத் தேடி போலீஸ் போய்ப் பார்க்கற மிருக வைத்தியர் பேரு லைடெக்கர். ரெண்டையும் ஒட்டிப் பாருங்க, 1944ல வந்த 'லாரா' படத்துல வர்ற வால்டோ லைடெக்கர்! அதே 1944ல வந்த 'டபுள் இண்டெம்னிட்டி' படத்துல இன்ஷூரன்ஸ்காரன் பேரு நெஃப், இங்க கேத்தரின்ங்கற கேரக்டர் வீட்டுக்கு பாலிசியத் தூக்கிட்டு வர்ற ஆளும் நெஃப். இப்படித் தெரிஞ்சவன் கண்டுபிடிக்கட்டும்னு ஒளிச்சு வைக்கறதைத்தான் பசங்க ஈஸ்டர் எக்குங்கறாங்க. 'ஈஸ்டர் முட்டை'ன்னு எழுதினா சர்ச் விசேஷத்துக்குப் போட்ட நோட்டீஸ் மாதிரி இருக்கு. கை குடுங்க.

பழுப்பு எழுதியது:

ஈஸ்டர் எக்குன்னே விட்டுடுங்கக்கா, பசங்க சொல்றது அதானே. அது எங்க ஏரியா சொல்லுதான், 1980ல வந்த அட்டாரி கேம் ஒண்ணுல அதை எழுதின புரோகிராமர் வாரன் ராபினெட் தன் பேரை ஒரு ரகசிய ரூம்ல ஒளிச்சு வச்சார், கம்பெனி அப்ப கேம் எழுதினவங்க பேரைப் போடாது, அந்தக் கடுப்பு. தமிழ்லதான் வேணும்னா 'ஒளிகுறிப்பு' போடுங்க. 'மறைகுறிப்பு' மட்டும் வேணாம், மறைகுறியாக்கம்னு என்கிரிப்ஷனுக்குப் பல வருஷமா போட்டுட்டு வர்றோம், குழப்பிடும்.

மின்மினி எழுதியது:

தம்பி, சினிமா கிளாஸ்ல போய் ஒளிகுறிப்புன்னா லைட்டிங் நோட்ஸ்னு எழுதிக்குவாங்க. ஒளிப்பதிவு, ஒளியமைப்புன்னு ஏற்கனவே வரிசையா நிக்குது.

வடகரை எழுதியது:

அன்புள்ள மின்மினி, சொல்லை வெளியில தேடுவானேன், தொல்காப்பியர் வச்சிட்டுப் போயிருக்காரே. உள்ளுறை. 'உள்ளுறுத்து இதனொடு ஒத்துப் பொருள் முடிக' என்று நினைச்சு உள்ளே வைப்பது. சொன்ன பொருள் மேலே கிடக்கும், சொல்ல வந்தது அடியில கிடக்கும். சங்கப் பாட்டுல எருமை தாமரையை மேய்ஞ்சா தலைவனோட ஒழுக்கத்தைப் பத்திப் பேச்சு. இதை விட என்ன வேணும்? ஆனா ஒரு நிபந்தனை, 'உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்' என்பது நூற்பா, அதாவது தெய்வம் நீங்கலான கருப்பொருளில்தான், அந்தந்த நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம் போன்றவற்றில்தான், உள்ளுறை வரும். உங்கள் தொடரில் பேய் பிசாசெல்லாம் வருதுன்னு என் பேரன் சொல்றான். அந்த இடத்துக்கு மட்டும் இந்தச் சொல் ஆகாது.

பழுப்பு எழுதியது:

ஐயா, பேய் தெய்வத்துல சேருமா? :)

வடகரை எழுதியது:

சேருமா சேராதா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். உரையாசிரியர்களைப் பார்த்துட்டு எழுதறேன்.

தீவகன் எழுதியது:

வடகரை ஐயா கோவிக்கக் கூடாது, உள்ளுறை எண்டது கவிதையில பொருள் தாறது. மைனாவுக்கு வால்டோ எண்டு பேர் வைச்சதில என்ன பொருள் இருக்கு, பழைய படம் பாத்தவன் சிரிச்சுப்போட்டுப் போவான், அவ்வளவுதான். எனக்குத் தோன்றுறது தண்டியலங்காரம் எண்ட அணியிலக்கண நூலில, எழுத்தை வைச்சு விளையாடுற சித்திரகவிக்குள்ள வாற 'கரந்துறை'. ஒரு செய்யுளுக்குள்ள இன்னொரு செய்யுளின்ர எழுத்துகளை ஒளிச்சு வைக்கிறது. அதோட 'காதைகரப்பு' எண்டும் ஒண்டு இருக்கு, கடைசியில இருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்து வாசிச்சா வேற பாட்டு வரும். விளையாட்டுத்தான், ஆனா திட்டம் போட்ட விளையாட்டு. எங்கட பக்கம் கரப்பு எண்டா கோழி மூடுற கூடையும்தான், அதால முட்டைக்கும் பொருத்தம், ஒரு கல்லில ரெண்டு மாங்காய்.

பழுப்பு எழுதியது:

செம. ஆனா சென்னையில கரப்புன்னா பூச்சி மருந்து அடிக்கச் சொல்லுவாங்க.

வடகரை எழுதியது:

கரப்பு நல்ல சொல். கர என்ற அடியிலிருந்து கரவு, கரத்தல், கரந்துறைதல். தண்ணிக்குள்ள மறைஞ்சு கிடப்பதால்தான் முதலைக்குக் கராம் என்று பெயர் வந்திருக்கணும் என்பது என் பல நாள் ஊகம், அகராதிக்காரர்கள் ஒத்துக்கறதில்லை, அது அவங்க பாடு. ஆனால் குறளில் 'கரப்பிடும்பை இல்லார்' என்று வரும்போது கரப்பு என்பது இருப்பதை இல்லை என்று மறைப்பது, யாசகனுக்குக் கை விரிப்பது. ஆகவே கரப்பு என்றால் கொடுக்காமல் மறைப்பது, உங்களுக்கு வேண்டியதோ கண்டுபிடிக்கட்டும் என்று மறைப்பது. இரண்டும் ஒன்றல்ல.

மின்மினி எழுதியது:

ஐயா, லிஞ்ச் ரெண்டாவது வகையா முதல் வகையான்னே சந்தேகம்தான். எத்தனை பேட்டியில கேட்டாலும் விளக்கம் சொல்லாம கை விரிச்ச மனுஷன், 2025 ஜனவரியில போயும் போயிட்டார்.

தீவகன் சொல்றதுல பாதிதான் ஒத்துக்குவேன். வால்டோ, நெஃப் ரெண்டும் சிரிச்சிட்டுப் போறதுதான். ஆனா மேடிய எடுத்துக்கங்க. லாரா செத்தப்புறம் அவ சாயல்லயே ஒரு சொந்தக்காரப் பொண்ணு ஊருக்கு வருவா, ரெண்டு பேரையும் நடிச்சது ஷெரில் லீயேதான், ஒருத்திக்கு பொன்னிற முடி ஒருத்திக்குக் கருப்பு. அவ முழுப்பேரு மேடலின் ஃபெர்குசன். 1958ல வந்த ஹிட்ச்காக்கோட 'வெர்டிகோ'ல செத்துப்போன மேடலின் மாதிரியே இருக்கற இன்னொருத்திய ஜூடின்னு கிம் நோவாக்கே நடிச்சிருப்பாங்க, அவ பின்னாடி அலையறவன் பேரு ஃபெர்குசன். அங்க ஃபெர்குசன் ஜூடிய மேடலினா மாத்தறதுக்கு முடிச் சாயத்துல இருந்து டிரெஸ் வரைக்கும் படுத்துவான். இங்க மேடிக்கு பொன்னிற விக் மாட்டி லாரா மாதிரி அனுப்புவாங்க. கடைசியில அங்க ஜூடியும் சாவா, இங்க மேடியும் சாவா. அந்தப் பேரைக் கேட்ட அன்னிக்கே அவ முடிவு தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இது எருமை தாமரை மேயற கணக்கா இல்லையா? அப்ப ரெண்டுக்கும் ஒரே சொல்லு போடறது நியாயமா?

பழுப்பு எழுதியது:

ஒரு சொல்லுக்கே ஒரு வாரமா அடிச்சுக்கறோம், இப்ப ரெண்டா!

நான் ஒண்ணு கேக்கறேன். அந்தத் தொடர்ல பாப்னு வர்ற பேய் கேரக்டர் வந்த கதை தெரியும்ல, ஃப்ராங்க் சில்வா அங்க செட் அலங்காரம் பண்ற ஆளு, ஷாட்ல கண்ணாடியில தெரியாம விழுந்துட்டார், லிஞ்ச் அதையே வச்சுக்கிட்டார். யாருமே ஒளிக்காதது ரசிகன் கண்ணுக்கு ஒளிச்சு வச்ச மாதிரி தெரிஞ்சா அதுக்கு என்ன பேரு? உங்க எல்லா சொல்லுலயும் ஒளிச்சவன் ஒருத்தன் இருந்தாகணும்.

வடகரை எழுதியது:

அதுக்குப் பெயர் உரைகாரர் துணிபு. :)

மின்மினியின் மேடி எடுத்துக்காட்டு உள்ளுறைதான், சந்தேகமே இல்லை. மற்றதுக்கு நன்னூல்காரர் வழி. 'முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்'. பொன்மொழிதல் என்று வையுங்களேன்.

மின்மினி எழுதியது:

பொன்மொழின்னா காலண்டர்ல தேதி கிழிச்சா வர்றதுங்கய்யா. அதோட போற்றறது வெளிப்படையா பண்றது. மணிமேகலையில 'தெய்வம் தொழாஅள்' குறளை எடுக்கறப்ப 'பொய்யில் புலவன் பொருளுரை'ன்னு ஆளையே சொல்லிட்டுத்தான் எடுக்கறார் சாத்தனார். லிஞ்ச் ஆளுங்க வாயே திறக்க மாட்டாங்க.

சரி, நேத்து கிளாஸ்ல நடந்தது. கார்டன் கோல்னு எஃப்பிஐ மேலதிகாரி, லிஞ்சே நடிச்சது. அந்தப் பேரு 1950ல வந்த 'சன்செட் புலவார்ட்'ல ஸ்டூடியோக்காரன் ஒருத்தனுக்கு. 1990ல இது வெறும் சிரிப்பு. 2017ல தொடர் திரும்ப வந்தப்ப பதினஞ்சாவது பாகத்துல, தான் யாருன்னே தெரியாம கெடக்கற எஃப்பிஐ ஏஜெண்ட் கூப்பர் கேக் சாப்பிட்டுக்கிட்டு டிவி பார்ப்பார், அதுல அந்தப் படம் ஓடும், 'கார்டன் கோல்'னு ஒரு குரல் வரும், ஆளு அப்படியே உறைஞ்சு போய் தவழ்ந்து போய் ஃபோர்க்கை பிளக்கு ஓட்டையில சொருகுவார். அடுத்த பாகத்துல பழைய கூப்பரா எந்திரிப்பார். கடைசி பெஞ்சுல ஒரு பையன், 'மேடம், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே பொடி வச்சுட்டாங்க'ன்னான். மொத்த கிளாஸுக்கும் புரிஞ்சது.

பழுப்பு எழுதியது:

பொடி! முடிஞ்சது. +1

தீவகன் எழுதியது:

பொடி வைச்சுக் கதைக்கிறது எண்டா நாங்கள் குத்தல் கதைக்கு எல்லோ சொல்லுறது. ஆனாலும் விளங்குது. எதிர்க்க மாட்டன், ஆதரிக்கவும் மாட்டன்.

வடகரை எழுதியது:

கலைச்சொல்லுக்கும் வம்புப் பேச்சுக்கும் வித்தியாசம் வேண்டாமா? நாளைக்கு ஒருத்தர் ஆய்வேட்டுக்கு 'தொலைக்காட்சித் தொடர்களில் பொடி' என்று தலைப்பு வைத்தால் மூக்குப்பொடி விளம்பரம் என்று நினைப்பார்கள். என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும்.

மின்மினி எழுதியது:

பதிவு செஞ்சாச்சுங்கய்யா. கையேடு அச்சுக்குப் போயிடுச்சு. வால்டோ, நெஃப் எல்லாம் 'பொடி', மேடிக்கு மட்டும் 'உள்ளுறை'. கார்டன் கோலை எதுல சேக்கறதுன்னு தெரியல, பொடியா இருந்து உள்ளுறையா மாறினதுன்னு ஒரு வரி எழுதித் தப்பிச்சுட்டேன். கரந்துறை அடிக்குறிப்புல இருக்கு.

தீவகன் எழுதியது:

அடிக்குறிப்பில 'ற்' வராமல் 'கரந்துரை' எண்டு அடிச்சிருக்கிறியள். பிழை திருத்தேலுமோ?

வடகரை எழுதியது:

அங்கே வரவேண்டியது 'றை', 'ற்' அல்ல. இருக்கட்டும். பேய் தெய்வத்தில் சேருமா என்று கேட்டிருந்ததற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை எழுதறேன்.